ஒன்பது வரி

அச்சடித்த பட்டியல் ஏழு பக்கம்.
பற்றறி, எரிபொருள் வால்வு, சுக்கான் இடம், சுக்கான் வலம்,
உயரமானி, கதவு, மறுபடியும் கதவு.
நான் வாசிப்பேன். இவர் சுவிச்சைத் தட்டி "சரி" என்பார்.
அபாயாவின் கைமடிப்பில் ஊசி நிற்க,
சொதி திரைந்துவிடாமல் ஒரு கண் அடுப்பில் கிடக்க,
சாய்ந்தமருதில், தோணாப் பக்கத்து அறையொன்றில்
நான்தான் துணை விமானி.

டோஹாவில் பதினொரு வருடம்
விமானங்களின் வயிற்றை மட்டும் பார்த்தவர்.
பெட்டி ஏற்றினார், பெட்டி இறக்கினார்.
மூக்குப் பக்கம் போகப் பாஸ் இல்லை.
வரும்போது கொண்டுவந்தது
ஒரு ஜொய்ஸ்டிக், முழங்கால் வலி,
தரையில் கிடந்து பொறுக்கிய சிவப்பு நாடா:
'பறக்குமுன் அகற்று' என்று இங்கிலீசில், வெள்ளை எழுத்தில்.

பிறகு கரண்ட் வெட்டுக் காலம்.
எட்டரைக்கு வரும், ஒன்பதேகாலுக்குப் போகும்.
மட்டக்களப்பு ஓடுபாதையில் எஞ்சின் சுழலவே
இருபத்தேழு நிமிடம்.
கல்லடிக்கு மேலே திரும்பி, காத்தான்குடி தாண்டி,
களுவாஞ்சிகுடி தெரியும்போது
திரை கறுக்கும்.
எத்தனை விமானங்களை
அந்த வானத்தில் அப்படியே விட்டிருப்போம்.

அப்போதுதான் வெட்டத் தொடங்கினார்.
துணி வெட்டுகிறவள் நான், எனக்கே பயமாக இருந்தது.
ஆசனப்பட்டி விளக்கு.
"ஆரு இரிக்கிற பின்னால?" வெட்டு.
பனி நீக்கி.
"சாய்ந்தமருதிலயா?" வெட்டு.
இறக்கையைச் சுற்றி நடந்து பார்ப்பது.
"பதினொரு வருசம் நடந்தாச்சு." வெட்டு.
ஏழு பக்கம் நாலாகி, ஒன்றாகி,
என் அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில்
ஒன்பது வரியாக நின்றது.
'எரிபொருள் போதுமா' என்பதை எடுக்க நான் விடவில்லை.
கடைசி வரி: 'பிறேக் எடுத்தாச்சா'.

ஒன்பது வரியில் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.
வீடு இருக்க வேண்டிய இடத்தில்
கொம்பியூட்டர் ஒரு பச்சைக் கட்டத்தை வைத்திருந்தது.
பள்ளிவாசல் இல்லை. தோணா மட்டும்
வாய் அடைபடாமல் நேரே கடலுக்குள் ஓடியது.
"பரவாயில்ல, இன்னொரு சுத்து" என்றார்.
சொதி திரைந்தது.

கரண்ட் வெட்டு நின்றும்
பட்டியல் வளரவில்லை.
வெட்டிய துணி வளருமா?
கல்யாண வீட்டில் தலை காட்டினால் போதும் என்றானது,
கடன் தந்தவருக்கு ஒரு "நாளைக்கு",
எனக்கும் அவருக்கும் நடுவில்
ஒரு "சரி".

ஒரு வெள்ளி இரவு விழித்தேன். மூன்று மணி.
ஏழு பக்கத்தையும் விரித்து
தானே வாசித்துத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.
பனி நீக்கி, சரி. ஆசனப்பட்டி, சரி.
எஞ்சின் இரண்டும் சுழன்றன.
ஓடுபாதை வெளிச்சமாய்க் கிடந்தது.
அவர் ஏறவில்லை.
கடைசியிலிருந்து முதலுக்கு
ஒவ்வொன்றாய் அணைத்தார்.
மேசையில் கம்பனிக் கடிதம், மடித்தபடி.
நான் கேட்கவில்லை. திரும்பிப் படுத்தேன்.

வேன் வந்த விடியலில்
எனக்குள்ளும் ஒரு பட்டியல் இருந்தது, நீளமாக.
பாஸ்போட்?
"சரி."
சீனிக் குளிசை?
"சரி."
முழங்கால் எண்ணெய்?
"சரி."
வேன்காரன் ஹோன் அடித்தான்.
மிச்சம் எத்தனை பக்கமோ, வெட்டினேன்.
பின் கண்ணாடியில் நான் இருந்தேன்,
அவர் திரும்பிப் பார்த்திருந்தால்.

இரவு தையலை விட்டெழும்பி
கொம்பியூட்டரைப் போட்டேன்.
மட்டக்களப்பில் விமானம்
விளக்கெல்லாம் அணைந்து நின்றது.
ஜொய்ஸ்டிக்கில் சிவப்பு நாடா.
மறந்து போனாரா, விட்டுப் போனாரா.
நான் அகற்றவில்லை.
ஒன்பதாவது வரியை மட்டும்
சத்தமாக வாசித்தேன்.

பிறேக் எடுத்தாச்சா?

இல்ல.
போட்டபடிதான் இரிக்கி.