கால் வளையம்

ஷட்டரெல்லாம் இறங்கி நாற்பது நாள்.
மூட்டை ஏறாத முதுகு
சும்மா இருந்தே வலித்தது.
மின்ட் தெரு முனையில் சேட்டு மட்டும்
மாஸ்க்கோடு தினம் வந்து
சோளம் இறைத்துவிட்டுப் போவார்.
புறாவுக்கு ஊரடங்கு கிடையாது.

முதலில் நாங்கள் சோளத்தைத்தான் பொறுக்கினோம்.
வாட்ச்மேன் விரட்டினான்:
"டேய், அது புண்ணியத்துக்குப் போட்டது."

அப்புறம்தான் தேசப்பன்
கிழிந்த மீன்வலைத் துண்டோடு வந்தான்.

ஒரு புறாவில் கறி என்று
உள்ளங்கை அளவுகூடத் தேறாது.
நெஞ்சில் கொஞ்சம்,
மற்றது இறகும் படபடப்பும்.
மஞ்சள்தூள் இருந்தது. உப்பு இருந்தது.
பெயின்ட் டப்பாதான் சட்டி.
இரைப்பையைக் கீறினால்
காலையில் சேட்டு போட்ட சோளம்
ஒரு மணிகூட உடையாமல்.
அமுலு அதை மூன்று தண்ணீரில் கழுவி
குழம்பிலேயே போட்டாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் சிக்கியதன் காலில்
நீல வளையம்.
நாலு, ஏழு, ஒன்று, ஒன்பது.
பந்தயப் புறா.
காசிமேட்டில் ஏதோ மொட்டைமாடியில்
எவனோ அண்ணாந்து
கழுத்து வலிக்க நின்றிருப்பான்.
தேசப்பன் பிடி தளர்ந்தது.
அமுலுவின் சின்னது
தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தது.
நான்தான் வாங்கித் திருகினேன்.

இப்போது கடை திறந்தாச்சு.
சேட்டு வீட்டுக்கே பருப்பு இறக்குகிறேன்,
"நல்லா இருக்கியா?" என்கிறார்.
மீன்பாடி வண்டிப் பூட்டுச் சாவியில்
அந்த நீலம் தொங்குகிறது.
காசிமேட்டுக்கு லோடு என்றால்
வேறு ஆளை அனுப்பிவிடுவேன்.