நான்கு மணி முன்பதிவு

கென்ட் ரிட்ஜில் மழை.
நூலகத்தின் மூன்றாம் மாடி,
எழுத்துதவி மேசை;
ஆளுக்கு அரை மணி நேரம்.

மூன்றரைக்கு வந்த ஹஸ்லினா
மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.
"என்ன சொல்ல வருகிறாய்?" என்றேன்,
பயிற்சியில் சொல்லித் தந்தபடி.
"ஜூரோங் ஈஸ்ட் கடையில் இரவு வேலை.
படிப்பது எதுவும் தலையில் நிற்பதில்லை."

அதையே முதல் வரியாகத் தட்டினோம்.
பிறகு அழித்தோம்.
அழித்த இடத்தில்
அவள் வாதம் தயங்கித் தயங்கி
வந்து உட்கார்ந்தது.

போகும்போது படிவம் நிரப்பினாள்.
ஐந்துக்கு ஐந்து.
கருத்து: அறை ரொம்பக் குளிர்.

நான்கு மணிப் பட்டியலைப் பார்த்தேன்.
புள்ளியியல் உதவி, ர. ரோஷிணி.
நான்தான்.

எழுந்து
எதிர்மேசை சியூ மின்னிடம் போனேன்.
சிவப்பு வட்டமிட்ட விடைத்தாளை
மடிப்புப் பிரிக்காமலே நீட்டினேன்.
"என்ன புரியவில்லை?" என்றான்.
எனக்கும்
முதலில் வார்த்தை வரவில்லை.