இயல்பற்ற வெட்டி நேரம்

காஸ்ட் அக்கவுண்டிங், அஞ்சாம் பாடம், இருபத்தி மூணாம் கணக்கு.
ஒரு தொழிலாளிக்கு வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம்,
மணிக்கு அறுபது ரூபாய் கூலி.
ஊசி மாற்ற, நூல் கோர்க்க, டீ குடிக்க நாலு மணி.
மின்சாரம் நின்றதில் இரண்டு மணி.
இயல்பான வெட்டி நேரத்தையும்
இயல்பற்ற வெட்டி நேரத்தையும்
பிரித்துக் காட்டுக.

காட்டலாம்.
அதற்கு முன் ஸ்கேல் வேண்டும்.
கட்டம் கோணலாக இருந்தால் கணக்கு வராது எனக்கு.

ஸ்கேலைத் தேடும்போது
போன ஞாயிறு போட்ட டைம் டேபிள் கிடைத்தது.
அதற்காகவே புது பஸ் ஸ்டாண்டு வரை போய்
ஐந்து நிற ஸ்கெட்ச் வாங்கி வந்திருந்தேன்.
சிவப்பு காஸ்டிங், நீலம் டேக்ஸ்,
ஓய்வுக்குப் பச்சை.
இந்த வாரம் பச்சை மட்டும்
ஒரு நிமிஷம் பிசகாமல் நடந்திருக்கிறது.

போனைக் குறை சொன்னாள் நவநீதா.
அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.
அரை மணி கழித்துத் தோண்டி எடுத்து
சார்ஜர் ஓட்டையில் சிக்கிய குருணையைக்
குண்டூசியால் நோண்டியதில்
இன்னொரு அரை மணி.

சித்தெ நேரம் என்று எங்க ஊரில் ஒரு அளவு உண்டு.
பாண்டியன் நகர் பஸ் சித்தெ நேரத்தில் வரும்.
உப்புத் தண்ணி சித்தெ நேரத்தில் வரும்.
எப்படியும் வந்துவிடும்.
என் சித்தெ நேரத்துக்குள்
மூன்று வாரமும் ஒரு இன்டர்னல் தேர்வும் அடங்கின.

ஒன்பதரைக்கு அம்மா வந்தாள்.
ஒண்ணரை ஷிப்ட்.
கொண்டையில் மஞ்சள் பஞ்சு, முழங்கையில் ஆரஞ்சு:
ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைகளுக்கான டீ சர்ட்.
படிச்சியா என்று கேட்பதில்லை அவள்.
தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்,
"இன்னைக்கு ஒரு மணி நேரம் கரண்ட் போயிருச்சு,
சும்மாவே உக்காந்திருந்தமுங்க.
ஜெனரேட்டர்ல டீசல் இல்லையாமா.
பீஸ் ரேட்டுக்கு அதெல்லாம் கணக்குல வராது."
என்னிடம் சொல்லவில்லை,
போனில் யாரிடமோ.

இருபத்தி மூணாம் கணக்கை மறுபடி பார்த்தேன்.
அந்தத் தொழிலாளிக்கு
சும்மா இருந்ததற்கும் கூலி உண்டு.
பேர் இல்லாத, வாரக் கூலிக்கார மகராசன்.
அம்மா அந்தக் கணக்கில் இல்லை.
நான் இருக்கிறேனா?
எனக்குக் கரண்ட் போகவில்லை,
நூல் அறவில்லை, ஊசி முறியவில்லை.
காலேஜ் ஃபீஸ் மட்டும்
இரண்டு தவணையாகப் போயிருக்கிறது.

ஸ்கேல் இல்லாமலே கோடு போட்டேன்.
கோணல்தான்.
நாற்பத்திரண்டு மணி வேலைக்கு
இரண்டாயிரத்து ஐநூற்று இருபது.
இயல்பான வெட்டி, இருநூற்று நாற்பது;
அது வேலையின் செலவிலேயே சேரும்.
டீ குடிப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை.
கரண்ட் போன நூற்றிருபதை
லாப நட்டக் கணக்குக்குத் தள்ளுக.

பத்து நாற்பதுக்குத் தொடங்கினது.
நிமிர்ந்தால் பத்து ஐம்பத்திரண்டு.
மூன்று வாரம் கண்ணில் படாமல்
நான் ஒளிந்து திரிந்த கணக்குக்கு
மொத்த உயரமே
பன்னிரண்டு நிமிஷம்.

சந்தோஷமாக இல்லை.
ஏமாந்த மாதிரி இருந்தது.

டிரம்முக்குள் போன் அதிர்ந்து
அரிசி சலசலத்தது.
நவநீதாதான்.
"எத்தன முடிச்ச?"
"ஒண்ணு."
"நெசமாவா? நா இன்னும்
கால்குலேட்டருக்கு பேட்டரி தேடிட்டு இருக்கறன்."

சிரித்தேன். பதில் டைப் பண்ண விரல் போனது.
பண்ணியிருந்தால் பன்னிரண்டு மணி ஆகியிருக்கும்,
எங்கள் இருவரையும் எனக்குத் தெரியும்.

போனை உள்ளே போட்டு மூடினேன்.
இருபத்தி நாலாம் கணக்கு.
ஒரு நிறுவனத்தில் மூன்று தொழிலாளிகள்...

பக்கத்து அறையில் அம்மா
நாலரைக்கு அலாரம் வைக்கிற சத்தம்.