முப்பத்தேலு

கொழும்பில் எனக்கு வாய்த்த ஒரே மலை
தெஹிவளை மேம்பாலம்.
ஏற நாற்பத்தொரு விநாடி
இறங்கப் பதினெட்டு
சுற்றிவந்து மறுபடி.
அதிகாலை மூன்றரைக்கு அதன் உச்சியில் தெரிவது
ஒரு மெத்தைக் கடை விளம்பரமும்
இரவு முழுக்க அணையாத
ஒரு பல்வைத்தியரின் பெயரும்.

பெப்ரவரியில் அறுநூறு கிலோமீட்டர்.
புத்தளம், அநுராதபுரம், திருகோணமலை,
தம்புள்ளை, குருநாகல்,
பிறகு என் வீட்டுப் படிக்கட்டு.
நாற்பது மணித்தியாலத்துக்குள்.
“முதற்பரிசு எவ்வளவு?” என்றார் மொராயஸ்,
லீவுக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி.
பரிசில்லை.
முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும்
பெயர்ப்பட்டியல் அகரவரிசையில்தான்.
கடிதத்தை அவர் மறுபடி வாசித்தார்,
உண்மைக் காரணம் எங்கேயோ
சின்ன எழுத்தில் இருக்கும் என்பதுபோல.

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி.
லிஃப்ட் ஓடும் நாட்களில்
சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி
நெஞ்சோடு நெஞ்சாய் நிற்கிறோம், நானும் அதுவும்.
ஓடாத நாட்களில் தோளில்.
கடற்காற்று செயினைத் தின்கிறது.
ஞாயிறுகளில் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயுமாய்
பால்கனியில் குந்தியிருக்கிறேன்.
ஆரபி சமையலறைத் தராசில் என் பயணத்தை நிறுக்கிறாள்:
பேரீச்சம்பழம், உப்புப் போட்ட சோற்றுருண்டை,
ஜீவனி பக்கெற் நான்கு.
“அம்மா, கக்கூசுக்கு எங்க போவீங்க?”
இத்தனை மாதத்தில்
எந்த ஆணும் கேட்காத கேள்வி.
வரைபடத்தில் எல்லாப் பெற்றோல் செட்டுக்கும்
புள்ளி வைத்து முடித்துவிட்டேன்.

உடம்பு தன்பாட்டுக்குக் கணக்கு எழுதுகிறது.
சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய்
ஒரு கிழமையாய் பொத்தான் பூட்ட முடியவில்லை.
காசோலையில் என் கையெழுத்தை
வங்கி என்னுடையதல்ல என்றது.
இருக்கை உரசிய புண்ணைப் பற்றி எழுத
என் தமிழ் இன்னும் கூச்சப்படுகிறது.

ருஷ்தி போன வருடம் முடித்தவன்.
“ஹொரவப்பொத்தானைக்குக் கிட்ட
ரா ரெண்டு மணிக்கு ரோட்டுல யானை நிக்கும், அக்கா.
தூரத்துலயே பிரேக் புடிச்சு நில்லுங்க.
காது ஆடினா யானை.
ஆடாட்டி நித்திரை.”

போன வியாழன், இருபத்திரண்டாவது ஏற்றத்தில்
ஒரு பொலிஸ்காரர் கைகாட்டி மறித்தார்.
என் கை தானாகவே இடுப்புப் பைக்குள் போனது,
அடையாள அட்டை தேடி.
கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலும்.
அகப்பட்டது பங்சர் ஒட்டும் பசையும்
பாதி இதரைப்பழமும்.
“ஏதாவது தொலைத்துவிட்டீர்களா, மிஸ்?”
சிங்களத்தில், மெதுவாகத்தான் கேட்டார்.
நெடுநேரமாய்ப் பார்க்கிறாராம்:
ஏறுகிறேன், இறங்குகிறேன்,
தலையைக் குனிந்தபடியே இருக்கிறேன்.

ஐந்து ஊரில் மறிப்பார்கள் என்றும்
என் அட்டையில் நேரம் எழுதி
முத்திரை குத்துவார்கள் என்றும்
அப்படி மறிக்கச் சொல்லி
நானே பணம் கட்டியிருக்கிறேன் என்றும்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.
விளக்கும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது.
அவர் சிரிக்கவில்லை.
“நேரத்துக்குப் போகாவிட்டால்?”
முத்திரை இல்லை. வீட்டுக்குப் போகலாம்.
“வீட்டுக்கா?”
வீட்டுக்குத்தான்.
“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான் என்று சொல்ல
எனக்கு ஏன் அத்தனை நேரம் எடுத்தது?

இன்று மழை.
பிரேக் கட்டை ஈரத்தில் பூனையாய்க் கத்துகிறது.
சப்பாத்துக்குள் தண்ணீர்,
மூக்குநுனியில் தண்ணீர்,
காலி வீதியின் எல்லா வெளிச்சமும் தார்மேல் ஒழுகிக் கிடக்கிறது.
பாலத்தடியில் அவர் ஒதுங்கி நிற்கிறார்,
பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்ரீ.
நான் சுற்றிவந்து கடக்கும் நேரம்
கோப்பையை உயர்த்தி, தமிழில்,
யாரிடமோ கேட்டுப் பழகிய தமிழில், கத்துகிறார்:
“முப்பத்தேலு!”

என் கணக்கில் முப்பத்தாறு.

கியரை ஒன்று குறைத்து
அவர் சொன்னதை உண்மையாக்க
ஏறுகிறேன்.