முப்பத்தேழாம் எண்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
முன்பு ரேஷன் கடை இருந்த அறை.
உள்ளே இரும்பு அலமாரி, அறுபது தட்டு.
தட்டுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு சாவி.
வெளிக்கதவுச் சாவி என்னிடம்.

தக்காளிக்கு அடிப்பதெல்லாம் இங்கேதான் இருக்கும்.
அதற்கும் எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பேர்.
வீட்டில் வைக்கக் கூடாதென்று
ஊர் கூடி முடிவெடுத்த அன்றைக்கு
நான்கு பெயர்களை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.
கை தூக்கினோம், கலைந்தோம்.

எடுக்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன்.
எத்தினி டேங்க்? கூட யாரு? சாப்ட்டியா?
நோட்டில் முதல் இரண்டுக்குத்தான் கட்டம் உண்டு.

நாலாவதை ஒடுகத்தூர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
நேராகக் கேளுங்கள்,
கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது என்றார் நர்ஸம்மா.
எதிர் நாற்காலியில் பூங்காவனம்.
அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுப் பழக வேண்டும்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும்.
அப்புறம் அவள் அழுதாள்.
நல்லவேளை, டீ வந்துவிட்டது.

தசரதன் வந்தது ராத்திரி பத்தரைக்கு.
பெட்டி அம்பது ரூபாய் என்றதும்
காலையில் மொத்தத் தக்காளியையும்
ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தவன்.
கையில் முப்பத்தேழாம் எண் சாவி.
“கதவத் தொறக்கா, விடிகாலைல அடிக்கணும்.”
அவன் கழனியில் அடிக்க ஒன்றுமில்லை என்று
ஊர் மாடுகளுக்கே தெரியும்.

“சாவியக் காணோம்டா” என்றேன்.
“சாயங்காலம் புடிச்சி தேடிக்கினு கீறேன்.
டார்ச்சு வச்சிருக்கியா?”

தேடினோம்.
அரிசி டிரம்முக்குப் பின்னால், புளிச் சாக்குக்கு அடியில்,
பழைய சைக்கிளின் செயின் கவருக்குள்கூட.
அவன் வெளிச்சம் பிடித்தான், நான் துழாவினேன்.
மகளின் ஒற்றைக் கொலுசு கிடைத்தது.
போன ஐப்பசியில் அவனிடம் இரவல் வாங்கிய திருப்புளி கிடைத்தது.
“இங்கதான் கீதா இது” என்றான்.
பிறகு சாக்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்:
குழுக்கடன், செவ்வாய்க்கிழமைத் தவணைக்காரன்,
வீட்டில் அம்சா வாய் திறப்பதில்லை,
தூக்கம் வந்து இருபது நாளாகிறது.

கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டபடி கேட்டேன்.
முகம் பார்த்துக் கேட்க வரவில்லை எனக்கு.
“செத்துப்போலாம்னு கீதாடா?”

டார்ச் அசையவில்லை.
கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
“ஆமாக்கா.”

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று
மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
ஒரு வரி நினைவில்லை.
“அந்தப் பக்கம் இன்னும் தேடல, வா” என்றேன்.

நாலரைக்குப் பால்வண்டி ஹாரன் கேட்டது.
பானையில் மிச்சமிருந்த கூழை
ஆளுக்கு ஒரு சொம்பில் ஊற்றினேன்.
குடித்துவிட்டுச் சொன்னான்:
“உன் இடுப்புல சொருவியிருக்கறது இன்னாக்கா?”

“எப்போ பாத்த?”

“வந்தப்பவே.”

சிக்னல் இரண்டு கோடு விழும் பாறைக்கு ஏறினோம்.
நம்பர் போட்டு போனை அவனிடம் கொடுத்துவிட்டு
பத்தடி தள்ளி நின்று மலையைப் பார்த்தேன்.
கீழே பூங்காவனம்
அம்சாவைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்,
இருவரும் செருப்பில்லாமல்.

வியாழன்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.
மழை பெய்தால் போவதில்லை.
மாத்திரை தின்றால் மத்தியானமெல்லாம் தூக்கம் என்று
என்னைத் திட்டுகிறான்.
கடன் அப்படியே இருக்கிறது.
கார்த்திகையில் தக்காளி விலை ஏறியது,
அப்போது அவன் நட்டிருந்தது கேழ்வரகு.

அவனுடைய சாவி இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது.
அவன் கேட்கவில்லை.

போன ஆடியில் வெளிக்கதவுச் சாவியை
பூங்காவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
“ரெண்டு மாசம் நீ வச்சிக்கோ” என்றேன்.
என் எண் பதினொன்று.

அவள் ஏன் என்று கேட்கவில்லை.
அடுப்பை அணைத்தாள்.
நாற்காலியை இழுத்து எனக்கெதிரே போட்டுக்கொண்டு
முகத்தைப் பார்த்தே கேட்டாள்.