பச்சைக் கூரை

முதல் கல்யாணம் உசிலம்பட்டியில்.
மண்டபத்துக் கூரைக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள்.
ஃப்ளாஷை மேல்நோக்கித் திருப்பு,
பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் முகம் மென்மையாகும் என்று
எங்கோ கேட்டதை அப்படியே செய்தேன்.
திரும்பத்தான் செய்தது வெளிச்சம்,
பச்சையையும் கூட்டிக்கொண்டு.
அறுநூறு படங்களிலும்
பெண்ணும் மாப்பிள்ளையும் முற்றாத மாங்காய் நிறம்.
“ஏங்க்கா, எங்க மதினிக்கு மேலுக்குச் சொகமில்லையா?”
மாப்பிள்ளையின் தங்கை கேட்டாள்.
மேலுக்கு முடியாமல் இருந்தது எனக்குத்தான்.

தாலி கட்டிய நொடி என்னிடம் இல்லை.
இருப்பது ஒரு தோள்,
உயர்த்திய ஒரு கைபேசி, அதன் திரைக்குள்
கட்டைவிரல் அகலத்தில் தாலி.
அந்த மாமாவின் பெயர்கூடத் தெரியாது.
ஆல்பத்தில் அவருக்கு முழுப் பக்கம்.

மிச்சமெல்லாம் வரிசை.
நில்லுங்க. இங்க பாருங்க. அடுத்து வாங்க.
அறுபத்தெட்டுக் குடும்பங்கள்
ரேஷன் கடையில் நிற்பதுபோல் நின்று
மொய்க்கவரைக் கொடுத்து இறங்கிப் போயின.

செல்லூரில் என் அறைக்குக் கீழே
தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை
முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.
எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அங்கே ஒரு கல்யாணம் நடந்ததற்கு
என் படங்களில் சாட்சியில்லை.

ஸ்டூலில் ஒரு தேங்காயை வைத்தேன்.
ஜன்னலை நகர்த்த முடியாது,
தேங்காயை நகர்த்தினேன்.
நேரே பார்த்தால் தட்டை.
பாதி திரும்பினால் அதற்கும் ஒரு கன்னம்.
முதுகைக் காட்டினால்
நாருக்கு நார் ஒளி பிடித்துக்கொண்டது.
மூன்று வாரம் அதே தேங்காய்.
பிறகு சட்னி.

மேலூர்க் கல்யாணத்தில் வீடியோவுக்கு இருளப்பன்.
பெயரோடு ஏதோ பகை போல
கண்கூசும் இரண்டு விளக்குகள் வைத்திருந்தார்.
அவர் பக்கம் நின்றால் எல்லா முகமும் தோசைக்கல்.
நான் எதிர்ப்பக்கம் போனேன்.
“ஏம்மா, ஃப்ரேமுக்குள்ள வர்ற!”
குனிந்தேன்.
குனிந்தே இருந்தேன்.

புகை அவ்வளவு அழகு என்று
அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.
விளக்கு பின்னாலிருந்து வர
ஐயர் விட்ட நெய்யெல்லாம் திரையாக எழுந்தது.
மல்லிகைச் சரத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு.
பெண்ணின் மேலுதட்டு வேர்வை, ஒவ்வொரு துளியாக.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பாண்டிமீனாவை.
மாப்பிள்ளையின் தங்கை, பதினொன்றாம் வகுப்பு,
மூன்றாவது முடிச்சு அவளுடையது.
விடியற்காலை ஐந்து மணிக்கே
மாப்பிள்ளை அறை ஜன்னலோரம்
திரைச்சீலைக் கயிற்றில்
போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
நாக்கு நுனி வெளியே.
நான் ஃப்ளாஷை அணைத்தேன்.
நீலம் கலந்த அந்த வெளிச்சமே போதும்.

மேடையில் மேளம் உச்சத்துக்குப் போனது.
அட்சதை என் கழுத்துக்குள்ளும் விழுந்தது.
மாப்பிள்ளை இரண்டு முடிச்சோடு கையெடுக்க
அவள் விரல்கள்.
எடுத்தேன்.

அப்புறம் பந்தியில்,
எல்லாரும் பாயசத்தில் இருக்க
அவள் மட்டும் சாப்பிடாமல்
வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

மூன்று படம்.
அறுபத்தெட்டுக் குடும்பங்களும் சொல்லாததை
ஒரு பிள்ளை சொல்லிவிட்டாள்.

வரிசைப் படங்களையும் விடவில்லை, ஒன்றுகூட.
மொய் எழுதியவரைக்கூட நிற்க வைத்து எடுத்தேன்.
அப்படியும் பெண்வீட்டில் கேட்டார்கள்:
“இந்தப் பிள்ளைக்கு எதுக்கு மூணு?
பெரியப்பா வீட்டு ஆளுகளப் பெருசாப் போடுங்க.”
போட்டேன்.
ஒரு தாள் கூட்டி, என் காசில்,
அவளையும் போட்டேன்.

நடுப்படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது.
முடிச்சு ஆடவில்லை.

அடுத்து வாடிப்பட்டி.
தேதி சொல்ல வாயெடுத்தவரை நிறுத்தி
மண்டபத்துக் கூரை என்ன நிறம் என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ரோஸ் என்றார்.