கணக்கில் மிகுந்த ஒன்று

நாளைக் காலை லாரி வரும்.
சாக்கோட்டை ஸ்டேஷனின் பதினோரு துப்பாக்கிகளும்
சென்னைக்குப் போய் அறுபட்டு, உலையில் இறங்கும்.
மெஸ் பெஞ்சில் பழைய தினத்தாளை விரித்து
ஒவ்வொன்றாய்ப் படுக்க வைக்கிறேன்,
ஏட்டு அழகுநாச்சி, ஆர்மரர்.
மண்ணெண்ணெய், பனியன் துணி, ஒரு பழைய பல் பிரஷ்.

போல்ட்டின் காதை நிமிர்த்தி இழுத்தால்
முழங்கை மடங்குவது போல் பின்னால் வரும்.
அடியில் மேகசின்: பத்துக்கு இடம்,
ஐந்தைந்தாய் ஊட்ட வேண்டும்.
விசைக்கு இரண்டு மனது;
முதல் இழுப்பில் யோசிக்கும், இரண்டாவதில் விடும்.
குழலுக்குள் ஐந்து வரிப்பள்ளம்,
ஐந்தும் இடப்பக்கமாகச் சுருள்பவை.
சாமியை யாரும் அப்படிச் சுற்றுவதில்லை.
சுடுகாட்டில்,
கொள்ளிக்குடத்தோடுதான்.

ரிஜிஸ்டரில் எல்லாமே த்ரீ நாட் த்ரீ.
ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இல்லை.
மூக்குச் சப்பையான நாலு
முதல் யுத்தத்துக்கு இங்கிலாந்தில் பிறந்தவை.
ஆறு, இஷாப்பூர்.
அதில் ஒன்றின் முன்கட்டையில் செம்புக்கம்பிச் சுற்று,
கிரனேடு வீசிய காலத்துக் கட்டு, இன்னும் அவிழ்க்கவில்லை.
கடைசி ஒன்றுக்குக் குழல் வழவழப்பு: நானூற்றுப் பத்து.
மேகசினுக்குள் மரக்கட்டையை அடைத்து
ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று கொடுத்தார்கள்.
நம்மூர் போலீஸ்காரனை வெள்ளைக்காரன் நம்பியது
அந்த ஒரு தோட்டா அளவுதான்.

ஏழாவது, நிறத்தில் இடித்தது.
மற்றவை வால்நட். இதன் பின்கட்டை தேக்கு.
ரங்கூனில் கப்பலேறி
காரைக்குடியில் ஏதோ ஒரு வளவில் தூணாய் நின்று
வீடு பாகம் பிரிந்தபோது விலைக்கு வந்த தேக்கு.
துடைக்கத் துடைக்க
உள்ளிருந்து மஞ்சள் எழுந்து வருகிறது.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எழுபத்தொன்று, ஆடி மாதம்.
'புதுவயல் ரோடு. அரிசி ஆலை வேலைநிறுத்தம்.
சுட உத்தரவு. பி.சி. 618 மரியசூசை,
தோட்டா ஐந்து; ஐந்தும் வெடிக்கவில்லை.
காரணம்: தோட்டா பழுது.'
அதன் கீழேயே, அதே மையில்,
'பின்கட்டை உடைந்தது. காரணம்: கை தவறி விழுந்ததால்.'
துப்பாக்கி கை தவறி விழுந்தால்
கட்டை அப்படி உடையாது.
ஆத்திரத்தில் யாராவது தரையில் அடித்தால் உடையும்.
இன்னும் கீழே,
'நாலு தோட்டா டிப்போவுக்குத் திரும்பியது. ஒன்று காணவில்லை.
சம்பளத்தில் பிடித்தம், எழுபது பைசா.'

போல்ட்டைக் கழற்றி ஊசியை அளவுத் தகட்டில் வைத்தேன்.
குட்டை.
நகத்தின் கனம்கூட இல்லை, ஆனாலும் குட்டை.
நுனியில் சாய்வாய் அரத்தின் கோடுகள்,
நிதானமாக, நாலைந்து நாள் ராத்திரியில் போட்டவை.
அதற்குப் பிறகு இந்த ஊசியை யாருமே மாற்றவில்லை.
ஐம்பது வருஷத்துக்கு மேல்
கருவூல வாசலில், தேர்தல் பூத்தில், தேவகோட்டைத் தேரோட்டத்தில்
சுட முடியாத ஒரு துப்பாக்கி
விறைப்பாகக் காவல் நின்றிருக்கிறது.

கட்டையின் அடியில் பித்தளை மூடி.
எண்ணெய்ப் புட்டி இருக்க வேண்டிய பொந்தில்
துணி சுற்றிய ஒரு தோட்டா.
அதன் பின்பக்கம் ஒரு குழி, மேலோட்டமாய்,
அம்மைத் தழும்பு மாதிரி.

குறைந்தால் சஸ்பென்ஷன்.
கூடினாலும் அதேதான்; கூடியதை எழுதப் பத்தியே இல்லை.
கண்மாயில் எறிந்துவிடு என்றான் ரைட்டர் வயிரவன்,
கதவைச் சாத்திக்கொண்டே.

தேக்கைத் தோளில் வைத்துப் பார்த்தேன்.
எனக்குச் சரியாக இருந்தது.
ஆள் என்னைப் போலக் குள்ளம்தான்.

பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
'த்ரீ நாட் த்ரீ தோட்டா, ஒன்று, மிகுதி.
அரசுச் சொத்து அல்ல.
உரியவர் பி.சி. 618. விலை செலுத்தப்பட்டுவிட்டது.'

இன்ஸ்பெக்டர் காலையில் ரசீது கேட்பார்.